வீட்டுல துப்பாக்கி இருக்கா?

பிரிஜட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். "அந்தத் துப்பாக்கி நர்ஸா?" என்று சிரிப்பார்கள். அவள் வாழ்நாளில் கையில் பிடித்ததெல்லாம் காய்ச்சல் பார்க்கும் குழாயும் பிரஷர் பார்க்கும் பட்டையும்தான். ஆனாலும் சிராங்கூன் ரோட்டில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. நான் அதே கிளினிக்கில் மருந்து கொடுத்தவள். என் பெயர் ரஷீதா. அவளைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் அவளைப் பைத்தியம் ஆக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் புனிதவதி ஆக்கிவிடுவார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடிக்காது.

கிளினிக் டன்லப் ஸ்திரீட்டில் இருந்தது. பக்கத்தில் மசாலா அரைக்கும் மில். அவர்கள் மிளகாய் அரைக்கும் நாளில் எங்களிடம் வயிற்றுவலிக்கு வந்தவர்கள்கூட இருமிக்கொண்டுதான் போவார்கள். டாக்டர் அழகப்பன் கைராசிக்காரர், நல்லவர், கோபப்பட்டாலும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவருடைய வைத்தியம் தோலோடு நின்றுவிடும். நோயாளி சொன்னதைக் கேட்பார். சொல்லாததைக் கேட்க மாட்டார்.

பிரிஜட் அங்கே வேலைக்கு வந்தது எழுபத்தாறில். வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கேள்வியை ஆரம்பித்துவிட்டாள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று யார் வந்தாலும், கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே கேட்பாள்: "வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியாது. துப்பாக்கியால் சுட்டால் தூக்கு என்று சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மரியாதையான வீட்டில் அந்தச் சொல்லையே எடுக்க மாட்டார்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டே. வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல விடமாட்டோம், 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டதைப் பேசினால் கெட்டது நடக்கும். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் இவள் துப்பாக்கியைக் கேட்டாள்.

சிலர் சிரித்தார்கள். கேம்பல் லேனில் பூக்கட்டும் பூவம்மா, "துப்பாக்கி எதுக்கு? என் மாமியார் வாய் ஒண்ணு போதும்லா," என்றாள். பேங்க் வாசலில் காவல் நிற்கும் ஒலி முகம்மது, "வீட்டுக்குக் கொண்டுபோனா என் பொண்டாட்டிதான் முதல்ல எடுப்பா," என்றார். பலர் சிரிக்கவில்லை. "மடியில கனமில்லை, எனக்கு வழியில பயமில்லை, என்னை ஏம்மா இப்படிக் கேக்கறே?" என்று எழுந்து போனவர்களும் உண்டு.

நானே ஒருநாள் கேட்டேன். "இந்த ஊர்ல துப்பாக்கி வச்சிருக்கிறவன் எத்தனை பேரு பிரிஜட்? காவல்காரன், பணவண்டியோட போறவன், தோட்டத்துல குரங்கு விரட்டறவன், அவ்வளவுதான். அவங்களுக்காக ஊரையே கேக்கணுமா?"

"யார்கிட்ட இருக்கும்னு முகத்துல ஒட்டியா வச்சிருக்காங்க?" என்றாள்.

டாக்டர் காதுக்கும் போயிற்று. அவளை அறைக்குள் கூப்பிட்டார். கதவு என்று பேருக்கு ஒரு பலகை, அதனால் எனக்கு எல்லாமே கேட்டது.

"நான் டாக்டர், சிஐடி இல்லை. வீட்டுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு கேக்க நமக்கு என்ன உரிமை?"

"சர்க்கரைக்காரங்ககிட்ட வீட்டுல என்ன சமைக்கறீங்கன்னு கேக்கறீங்களே டாக்டர்."

"அது வேற. இது போலீஸ் சமாச்சாரம். சாகணும்னு ஒருத்தன் முயற்சி பண்ணாலே கேஸ். அவன் என்கிட்ட வாயைத் திறந்து ஏதாவது சொல்லிட்டான்னு வை, அப்புறம் நான் என்ன பண்றது? அவனும் மாட்டுவான், நானும் மாட்டுவேன். தெரியாம இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

"தெரியாம இருந்தா உங்களுக்கு நல்லது. அவங்களுக்கு என்ன நல்லது?"

"ஏன் பிரிஜட் இந்தப் பிடிவாதம்? ஒரு காரணம் சொல்லு."

அவள் காரணம் சொல்லவில்லை. "கேக்கணும் டாக்டர், அதான்," என்றாள். இனிமேல் கேட்கக் கூடாது என்றார் அவர். அடுத்த நாளும் அவள் கேட்டாள். பிரஷர் பார்ப்பதை டாக்டர் தம் மேசைக்கே மாற்றிக்கொண்டார். அவள் எடை பார்க்கும் இடத்தில் கேட்டாள். பெரிய டாக்டர், படித்தவர், ஒரு நர்ஸின் வாயை மூட நாற்காலியையும் மேசையையும் நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு மதியம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, வெளியே விடாதே என்றாள். நான் விடவில்லை.

அவளுக்கு லாசரஸ் என்று ஓர் அண்ணன். கடைகளிலிருந்து பணம் வாங்கி பேங்கில் சேர்க்கும் கம்பெனி ஒன்றில் ஆயுதக் காவலர். கம்பெனி பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. அதிகாலை வேலை இருந்தால், ஆபீசுக்குப் போய்த் துப்பாக்கி வாங்க நேரமாகிவிடும் என்று முதல் நாள் மாலையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். முறைப்படி அது கூடாது. ஆனாலும் நடந்தது. பிடோக்கில் புதிதாகக் கிடைத்த வீட்டில் அம்மா, அண்ணன், பிரிஜட் மூவரும் இருந்தார்கள். லாசரஸுக்குத் திடீரென்று தூக்கம் போயிற்று. ஏன் போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்து டாக்டரிடம் பலமுறை போனார். போன போதெல்லாம் மாத்திரை கொடுத்தார்கள். எழுபத்துநான்கில் ஒருநாள் அந்தக் கைத்துப்பாக்கி அவரைக் கொன்றது.

மரண விசாரணையில் இன்னதென்று தீர்மானமாகச் சொல்லவில்லை. அவர்களுடைய அம்மா அற்புதமேரிக்கு அது போதுமாக இருந்தது. துடைக்கும்போது கை தவறிவிட்டது என்றார். தானாகச் செய்துகொண்டான் என்று தெரிந்தால் கோயிலில் பூசை வைக்க மாட்டார்கள், மந்திரித்த மண்ணில் இடம் தர மாட்டார்கள் என்று அந்தக் காலத்துப் பயம். கை தவறியது என்றால் மணி அடிக்கும், சாமியார் வருவார், ஓபிர் ரோட்டுக் கோயிலில் அம்மா தலை நிமிர்ந்து உட்காரலாம். பிரிஜட்டின் கையில் ஜெபமாலையைக் கொடுத்து, யாரிடமும் வேறு விதமாகச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் லாசரஸுக்குச் சிலுவை நட்டார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மா மெழுகுவத்தியோடு போய், பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் துப்பாக்கி துடைத்த கதையைச் சொல்லிவிட்டு வருவார்.

"பொய்யை அம்மா வச்சிக்கட்டும்," என்றாள் பிரிஜட். "எனக்கு அந்தக் கேள்விதான் இருக்கு. அந்த டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அண்ணன் சொல்லியிருப்பாரு."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள். அதற்கு மேல் அவளிடம் வாதாட முடியாது.

எண்பத்தொன்றில் வடிவேலு வந்தார். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு சீன முதலாளியின் டுரியான், ரம்புத்தான் பழத்தோட்டத்துக்குக் காவல்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தோட்டத்திலேயே பலகை வீட்டில் இரண்டு நாய்களோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து சிராங்கூன் ரோடு வந்து, வீரமாகாளியைக் கும்பிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர். நெட்டையான மனிதர். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். முதலாளி நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். மகன் பாலகிருஷ்ணன் துறைமுகத்தில் சூப்பர்வைசர், பிடோக்கில் ஒன்பதாவது மாடியில் வீடு. அங்கே வந்துவிடச் சொல்கிறான். நாய்களைக் கொண்டுபோக முடியாது. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, எடை பார்க்கும்போது பிரிஜட் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் வந்தது. அவராகச் சொன்னது ஒன்றுதான். தூக்கம் வரவில்லை.

"ஐயா, வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

அவர் எடைக் கருவியை விட்டு இறங்கவில்லை. அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருக்கு," என்றார்.

நான் மருந்துப் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்.

"எங்கே வச்சிருக்கீங்க?"

"தலைமாட்டுல."

"எதுக்குங்க ஐயா?"

"குரங்கு வரும். வௌவால் வரும். முதலாளி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது."

"இப்ப மரத்துல பழம் இல்லையே."

அவர் எடைக் கருவியை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிரிஜட் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். "லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. காவல்காரன் துப்பாக்கி வைக்காம துடைப்பமா வைப்பான்? உன் வேலையைப் பாரு," என்றார். வடிவேலுவுக்கு வழக்கமான தூக்க மாத்திரைதான் எழுதினார். அதை நான்தான் கொடுத்தேன். பிரிஜட் வாசல்வரை அவர் கூடவே போனாள். "அதை முதலாளிகிட்ட கொடுத்துடுங்க ஐயா. அடுத்த வாரம் மகனையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். அப்பா வரவில்லை.

அன்றைக்குப் பார்த்துக் கூட்டம். உட்கார இடமில்லை, நடைபாதைவரை ஆட்கள். அற்புதமேரியும் இருந்தார். பூசை முடிந்து நேராக பிரஷர் பார்க்க வருவது அவர் வழக்கம். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, மடியில் ஜெபப்புத்தகம். எல்லாரும் பார்க்க பாலகிருஷ்ணன் என் மருந்து மேசைமேல் கையால் ஓங்கித் தட்டினார்.

"எங்கப்பாகிட்ட துப்பாக்கி இருக்கான்னு கேட்ட நர்ஸ் யாரு?"

"நான்தான்," என்றாள் பிரிஜட்.

"அவரு என்ன கேங்ஸ்டரா? இல்ல மனசு சரியில்லாதவரா? நாப்பது வருஷமா இந்த ஊர்ல ஒரு சம்மன்கூட வாங்காத மனுஷன். கோயில் கமிட்டியில நான் இருக்கேன். நாளைக்கு நாலு பேரு என்னைப் பாத்து என்ன பேசுவான்? உடம்பு சரியில்லைன்னு வந்தா உடம்பைப் பாருங்க. வீட்டுல என்ன இருக்குன்னு கேக்க நீங்க யாரு?"

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். என்னையும் கேட்டாள், என் மச்சானையும் கேட்டாள் என்று முணுமுணுப்பு எழுந்தது. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தார். விஷயம் அவருக்கு உடனே புரிந்தது.

"ஒரு சாரி சொல்லிடு பிரிஜட். முடிஞ்சு போச்சு."

"சொல்ல மாட்டேன் டாக்டர்."

"இத்தனை பேருக்கு முன்னால கேக்கறேன்."

"இத்தனை பேருக்கு முன்னாலதான் நானும் சொல்றேன். கேட்டது தப்பில்லை. நாளைக்கும் கேப்பேன்."

"அப்படின்னா நாளைக்கு நீ இங்க வேலைக்கு வரவேணாம்," என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. ஆனால் சொன்னதைச் செய்கிறவர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிரிஜட் தன் நர்ஸ் தொப்பியைக் கழற்ற, அதில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். அவள் அம்மாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே இருந்த ஒவ்வொருவர் வாயும் அடைத்திருக்கும். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போகக் கூடாது என்று நின்ற அவளைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

அப்போதுதான் அற்புதமேரி எழுந்தார். ஜெபப்புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு பாலகிருஷ்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, உங்கப்பா இதை உங்ககிட்ட எப்படிச் சொன்னாரு? கோவமா சொன்னாரா?"

யார் இந்த அம்மா என்று அவர் பார்த்தார். வயதானவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கோவமா இல்லை. நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்திருந்தாரு. சாப்பிடும்போது சொன்னாரு. 'அந்த கிளினிக்குல துப்பாக்கி இருக்கான்னு கேட்டாங்க'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. எனக்குத்தான் கோவம் வந்துச்சு. அவரு கை கழுவிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு."

"வழக்கமா உங்ககிட்ட இப்படியெல்லாம் சொல்வாரா?"

பாலகிருஷ்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"என் மகன் லாசரஸும் சாப்பிடும்போதுதான் சொன்னான்," என்றார் அற்புதமேரி. "'டாக்டர் மாத்திரை மட்டும் கொடுக்கறாரும்மா, என்னை ஒண்ணும் கேக்கறதில்லை'ன்னு சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கேக்காம இருந்தா நல்லதுதானேடா, சாப்பிடு'ன்னேன். மறுநாள் காலையில அவன் சுட்டுக்கிட்டான். கை தவறல. துடைக்கவும் இல்லை. எல்லார்கிட்டயும் நான்தான் பொய் சொன்னேன். இவளையும் வாயைத் திறக்க விடாம வச்சது நான்தான்."

அறையில் அவருடைய கோயில்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கடைசி வார்த்தைகளைச் சொன்னார், யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள் என்பது போல.

"இப்ப நான் கேக்கறேன் தம்பி," என்றார் அற்புதமேரி. "உங்கப்பாகிட்ட துப்பாக்கி இருக்கா? இருந்தா, அது இப்ப எங்க இருக்கு?"

பாலகிருஷ்ணன் மேசைமேல் இருந்த கையை எடுத்தார். வாசலைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "பஸ்ஸுல போனா நேரமாகும்," என்றார் சின்னப் பிள்ளை மாதிரி.

டாக்டர் அழகப்பன் கழுத்திலிருந்த குழாயைக் கழற்றி என் மேசைமேல் போட்டார். "என் கார் இருக்கு. வாங்க," என்றார். அத்தனை நோயாளிகளையும் விட்டுவிட்டு அவர் வெளியே ஓடியதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர்கள் திரும்பும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சற்று முன் முணுமுணுத்தவர்கள்தான் அற்புதமேரிக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார்கள். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். பிரிஜட் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் தனியாக வந்தார். வடிவேலு நாய்களுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாராம். நிறையச் சோறு, பல நாளைக்குப் போதுமான சோறு. உள்ளே துப்பாக்கி தலைமாட்டில் இல்லை, கட்டிலின்மேல் இருந்தது. தோட்டா போட்டிருந்தது. மகன் அதை எடுத்து வெளியே கொண்டுபோகும்போது வடிவேலு தடுக்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முதலாளியின் தோட்டத் துப்பாக்கி, பழக்காலம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னது டாக்டர்தான். போலீஸிடம் என்ன சொல்வது என்று அத்தனை வருஷம் பயந்தவருக்கு அது இவ்வளவு சுலபமாக வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாய்கள் இரண்டையும் பக்கத்துப் பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் பிரிஜட்டிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பிரஷர் கருவியைத் தம் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார். "நாளைக்குச் சீக்கிரம் வா, கூட்டம் இருக்கும்," என்றார். அந்த வாரத்திலிருந்து அவரும் கேட்க ஆரம்பித்தார். முதலில் கேட்கும்போது காது சிவந்துவிடும். பிறகு துப்பாக்கியோடு நிறுத்தவில்லை. எத்தனையாவது மாடி, பூச்சி மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள், தனியாகவா இருக்கிறீர்கள் என்று அவரே கேட்டார். கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்றார்.

கோயிலில் அற்புதமேரியைப் பற்றி ஒரு வருஷம் பேசினார்கள். கூட உட்கார்ந்தவர்கள் சிலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவர் முன்வரிசையை விட்டு நகரவில்லை. கல்லறைத் திருநாளில் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேட்டால் உண்மையையே சொன்னார். மண்ணைத் தோண்டியா எடுத்துவிடப் போகிறார்கள் என்று என்னிடம் சொன்னார்.

வடிவேலு அதற்குப் பிறகு பிடோக்கிலிருந்து வந்தார். மாதம் ஒருமுறை, மகனோடு. உடம்பு தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூங்கினார். ஒருநாள் மகன் என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தபோது, பிரிஜட் வடிவேலுவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, அன்னைக்கு நான் கேட்டது உங்களுக்குக் கோவமா இல்லையா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் மகன்கிட்ட போய்ச் சொன்னீங்க?"

மகன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இருந்த மருந்துப் பொட்டலம் அப்படியே நின்றது.

"நீ கேட்டேன்னு சொன்னா, அவனும் கேப்பான்னு நினைச்சேம்மா," என்றார் வடிவேலு.